விட்டவர், கேட்டவர், எடுத்தவர்: ஏலத்துக்குப் போகிறவர்களுக்குச் சில சொற்கள்

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில், கொடுமுடிக்கும் சிவகிரிக்கும் நடுவில் இருக்கிறது. தென்னை, எள், கொஞ்சம் மஞ்சள், இவைதான் பிழைப்பு. மாமனார் காலத்துக்குப் பிறகு வீட்டின் விற்பனைக் கணக்கு என் கைக்கு வந்தது. இப்போது படிப்பை முடித்து ஊர் திரும்பும் பிள்ளைகள், "அத்தை, இந்த வாரம் சாலைப்புதூர் ஏலத்துக்கு நானே போய்ட்டு வர்றேன்" என்று கிளம்புகிறார்கள். மண், உரம், சொட்டுநீர் எல்லாம் எனக்கே பாடம் எடுக்கும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. களத்தில் பேசுகிற பேச்சுதான் பிடிபடுவதில்லை. அவர்களுக்கு அவ்வப்போது சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். எந்தச் சொல் காதில் விழுந்தாலும் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: இதைச் சொன்ன பிறகு பின்வாங்க வழி உண்டா, இல்லையா?

முதலில் வினைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருளுக்கு உடையவர் ஏலம் விடுகிறார். வாங்க வந்தவர்கள் ஏலம் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஏலம் எடுக்கிறார். பொருள் ஏலம் போகிறது. கடனில் மாட்டிய பொருளாக இருந்தால் அது ஏலத்துக்கு வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் "குளத்து மீனை நான் கேட்டிருக்கறன்" என்றால் அவருக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு "எனக்கு ரெண்டு கிலோ எடுத்து வைங்க மாமா" என்று சொல்லிவிடாதீர்கள். கேட்டவர் பத்துப் பேர் இருப்பார்கள், எடுத்தவர் ஒருவர்தான். அறிவிப்புகளில் வரும் "ஏலக் கேள்வி" என்பதும் இந்தக் கேட்பதுதான். "உயர்ந்தபட்சக் கேள்வி" என்றால் அதிகத் தொகைக்குக் கேட்டது.

அடுத்து, விலை சேர்ந்ததா இல்லையா என்பதற்கான சொற்கள். "படிஞ்சுதுங்களா?" என்று கேட்பார்கள். இரண்டு பேரும் ஒரு விலைக்கு வந்துவிட்டீர்களா என்பது கேள்வி. படியவில்லை என்றால் எங்கள் பக்கம் "தகையலீங்க" என்போம். இதில் யார் மீதும் குறை கிடையாது. இன்றைக்குச் சேரவில்லை, அடுத்த வாரம் சேரலாம். "கட்டலீங்க", "கட்டுபடி ஆகாதுங்க" என்பது வேறு. அது என் கணக்கைச் சொல்வது: உழவுக்கூலி, வெட்டுக்கூலி, வண்டி வாடகை போனால் கையில் ஒன்றும் நிற்காது என்று பொருள். விலை பேசும்போது "கட்டாதுங்க" என்று சொன்னால் எதிராளி இன்னும் கொஞ்சம் ஏறி வர இடம் இருக்கிறது. "கறார் விலைங்க" என்று சொன்னால் அந்த இடத்தை நீங்களே அடைத்துவிட்டீர்கள். அதற்கு மேல் பத்து ரூபாய் இறங்கினாலும் அடுத்த முறை உங்கள் கறாரை யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் அந்தச் சொல்லை நான் அதிகம் செலவழிப்பதில்லை.

இனி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். விவசாயி விளைபொருளைக் கொண்டுபோய் ஏலத்தில் விற்க அரசு வைத்திருக்கும் இடம். பெயர் நீளம், ஊரில் "கமிட்டி" என்றால் போதும். திருப்பூரில் 1936-ல் பருத்திக்காகத் தொடங்கியதுதான் நம் மாநிலத்தில் முதல் கமிட்டி. எங்களைச் சுற்றி மட்டும் சாலைப்புதூர், சிவகிரி, அவல்பூந்துறை, எழுமாத்தூர், பெருந்துறை என்று பல இருக்கின்றன. எதில் எந்தச் சரக்கு அதிகம் என்பது ஊருக்கு ஊர் வேறு. கவுந்தப்பாடி என்றால் நாட்டுச் சர்க்கரை. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் கொள்முதல் நடக்கிறது. மஞ்சளுக்கு ஈரோடும் பெருந்துறையும். விரலி, கிழங்கு என்று பிரித்துத்தான் அங்கே விலை சொல்வார்கள். கலந்து கொண்டுபோனால் கிழங்கு விலைக்குத்தான் கேட்பார்கள்.

இங்கே நடப்பது பெரும்பாலும் மறைமுக ஏலம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மறைந்திருப்பது ஒரு வியாபாரி எழுதும் விலை மட்டுமே, அதுவும் இன்னொரு வியாபாரியின் கண்ணிலிருந்து. நடைமுறை இப்படி. காலையில் சரக்கை இறக்கி எடை போட்டுப் பதிந்ததும் உங்கள் குவியலுக்கு ஓர் எண் தருவார்கள். அதுதான் "லாட்". இரண்டு தரம் இருந்தால் இரண்டு லாட்டாகப் போடச் சொல்லுங்கள். நல்ல கொப்பரைப் பருப்பின் மேல் பூஞ்சை பிடித்த பருப்பைக் கொட்டினால் மொத்தமும் பூஞ்சை விலைக்குப் போகும். பிறகு வியாபாரிகள் வரிசையாக வந்து கையை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளிப் பார்ப்பார்கள், ஒடித்துப் பார்ப்பார்கள். இந்த நேரத்தில் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "நல்ல சரக்குங்க, வெயில்ல காஞ்சதுங்க" என்று வாய் வலிக்கப் பேசத் தேவையில்லை. அவர்கள் கைக்கு எல்லாம் தெரியும். அவரவர் லாட் எண்ணுக்கு நேரே விலை எழுதிச் சீட்டைப் பெட்டியில் போடுவார்கள். நேரம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து எந்த லாட்டுக்கு எது அதிகமோ அதை அறிவிப்பார்கள்.

பல இடங்களில் சீட்டுக்குப் பதில் இப்போது செல்போனில் விலை பதிகிறார்கள். அதுதான் இ-நாம், தேசிய வேளாண் சந்தை. 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. பெட்டி போய் திரை வந்திருக்கிறது, சொற்கள் மாறவில்லை.

பிள்ளைகள் தவறவிடும் இடம் அறிவிப்புக்குப் பிறகுதான். உங்கள் லாட்டுக்கு ஒரு விலை "விழுந்தது" என்றால் விற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. "விலைக்குச் சம்மதங்களா?" என்று உங்களைக் கேட்பார்கள். "சம்மதம்" என்று சொன்ன பிறகுதான் விற்பனை. பிடிக்கவில்லை என்றால் "இந்த விலைக்கு வேண்டாங்க, வெச்சுக்கறேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. சரக்கை வீட்டுக்கும் கொண்டுபோகலாம், அங்கேயே கிடங்கில் வைத்துவிட்டு அடுத்த ஏலத்துக்கும் விடலாம். கிடங்கில் வைத்த சரக்கின் பேரில் பணமும் வாங்கலாம். அதற்குப் "பொருளீட்டுக் கடன்" என்று பெயர். அவசரத்துக்குக் காசு வேண்டும், விலையோ மட்டம் என்கிற வாரத்தில் இந்தச் சொல் உங்களுக்கு உதவும். என் அனுபவத்தில் மஞ்சள்காரர்கள் இதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். கொப்பரைக்காரர்கள்தான் பூஞ்சைக்குப் பயந்து அன்றைக்கே தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பயமும் நியாயமானதுதான்.

கமிட்டியில் விவசாயியிடம் கமிஷன் கிடையாது. வாங்குகிற வியாபாரிதான் நூற்றுக்கு 1 ரூபாய் சந்தைக் கட்டணம் கட்டுகிறார். வெளியே மண்டிக்குப் போனால் சொற்பட்டியல் நீளும்: கமிஷன், எடைக்கூலி, இறக்குக்கூலி, சாக்குக் கழிவு. "கழிவு" என்ற சொல் வரும்போதெல்லாம் எடையில் கழிக்கிறார்களா, பணத்தில் கழிக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டிலும் கழிப்பவர்களும் உண்டு. தேங்காயைக் காயாக விற்கும்போது நூற்றுக்கு மேல் சில காய்களை "லாபக்காய்" என்று கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். பெயரில் லாபம் இருக்கிறது, யாருடைய லாபம் என்பதுதான் விஷயம். எத்தனை காய் என்று மரம் ஏறும் முன்னே பேசிவிட வேண்டும். ஏறி இறக்கிய பிறகு பேசினால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. மண்டியில் எழுதித் தரும் கணக்குச் சீட்டுக்குச் "சிட்டை" என்று பெயர். சிட்டை இல்லாமல் வாய்க்கணக்கில் ஒருமுறை எங்கள் கொப்பரைக்கு வரவேண்டிய பாக்கி ஒரு மண்டியில் நின்றுபோனது. தீபாவளிக்குத் தருகிறேன் என்றார்கள். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.

ஒரே கமிட்டி வளாகத்தில் "ஏலம்", "கொள்முதல்" இரண்டும் நடப்பதுண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏலத்தில் விலை அன்றைக்குப் பிறக்கும். கொள்முதல் என்பது அரசு முன்கூட்டியே அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு எடுப்பது. 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 11,582 ரூபாய், பந்துக் கொப்பரைக்கு 12,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த விலை வேண்டுமென்றால் தரமும் அவர்கள் சொன்னபடி இருக்க வேண்டும். அரவைக் கொப்பரையில் ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள். வெளியில் விலை ஏறிக் கிடக்கும் வருடம் கொள்முதல் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை; இறங்கிய வருடம் வரிசை கட்டி நிற்போம்.

பேப்பரில் ஏல நிலவரம் படிக்கவும் பழக வேண்டும். "குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு, சராசரி இவ்வளவு" என்று மூன்று எண் இருக்கும். எல்லோர் கண்ணும் அதிகபட்சத்துக்குத்தான் போகும். உதாரணத்துக்கு, சிவப்பு எள் கிலோ குறைந்தபட்சம் 110, அதிகபட்சம் 160, சராசரி 128 என்று போட்டிருந்தால், 160-க்குப் போனது ஏதோ ஒன்றிரண்டு லாட்டாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட 128-ஐ எடுங்கள். அப்போதுதான் கமிட்டியிலிருந்து திரும்பும்போது முகம் தொங்காது. எள்ளில் கருப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றுக்கும் தனி விலை. உங்கள் ரகத்தின் வரியைப் பாருங்கள். மஞ்சளுக்குக் குவிண்டால் கணக்கு, எள்ளுக்கும் கொப்பரைக்கும் பெரும்பாலும் கிலோ கணக்கு. வாழைத்தாரில் இன்னும் வேடிக்கை: கோபி பக்கம் கதலியும் நேந்திரனும் கிலோவுக்கு, பூவனும் செவ்வாழையும் தாருக்கு. "கதலி நாப்பது, செவ்வாழை எண்ணூறு" என்று யாராவது சொன்னால் மலைத்துப்போக வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவு.

அதே செய்தியில் "வரத்து" என்ற சொல் வரும். சந்தைக்கு வந்த சரக்கின் அளவு. வரத்து குறைந்தால் "கிராக்கி", கூடினால் "தேக்கம்", வாங்க ஆள் இல்லையென்றால் "மந்தம்". மந்தம் என்று தொடர்ந்து இரண்டு வாரம் வந்தால் நான் காயை உடைக்காமல் அப்படியே போட்டுவைப்பேன். உடைக்காத காய் காத்திருக்கும், உடைத்த பருப்பு காத்திருக்காது.

இப்போது அரசு ஏல அறிவிப்புகள். ஊராட்சிக் குளத்து மீன், வாரச்சந்தைச் சுங்கம், நெடுஞ்சாலையோரப் புளியமரம், கோயில் நிலத் தென்னை மகசூல் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டிய காகிதத்தைப் படித்தவர்கள் பாதிப் பேர் "ஒண்ணும் வெளங்கலீங்க" என்று போய்விடுவார்கள். அந்த மொழி அப்படி. அடிக்கடி வரும் சிலவற்றைச் சொல்கிறேன்.

"மகசூலை அனுபவித்துக்கொள்ளும் உரிமை" என்றால் மரம் உங்களுடையது அல்ல, காய் மட்டும்தான். கிளையை வெட்டினால் அபராதம். "1435-ஆம் பசலிக்கு" என்று இருந்தால் அது 2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை. பசலி என்பது அரசின் வருவாய்க் கணக்கு ஆண்டு, ஜூலையில் தொடங்குகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரையிலான மாதமாக இருந்தால் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழியுங்கள். பசலி நடுவில் ஏலம் எடுப்பவர்கள் இதைப் பார்க்காமல் முழு வருடம் என்று நினைத்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். ஏலம் தள்ளித் தள்ளிப்போய் டிசம்பரில் நடந்தாலும் உரிமை ஜூனோடு முடிந்துபோகலாம். தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

"டேவணித் தொகை" என்பது ஏலத்தில் கலந்துகொள்ளும் முன் கட்டும் பணம். கேட்டும் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கோ பிறகோ திருப்பித் தந்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் உங்கள் தொகையில் வரவு வைப்பார்கள். எடுத்துவிட்டுப் பின்வாங்கினால் போனது போனதுதான். வெறும் பணமாகக் கட்டலாமா, வங்கி வரைவோலையாக வேண்டுமா, யார் பெயருக்கு எடுக்க வேண்டும் என்பதை அறிவிப்பில் இரண்டு முறை படியுங்கள். பெயரில் ஒரு சொல் மாறினாலும் உள்ளே விடமாட்டார்கள். "நிலுவைதாரர்கள் கலந்துகொள்ள இயலாது" என்றும் ஒரு வரி இருக்கும். உங்கள் பெயரில் வீட்டு வரி பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டி ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள்.

"மறு ஏலத்தில் ஏற்படும் நஷ்டத்துக்கு முதல் ஏலதாரரே பொறுப்பு." இந்த ஒரு வரிக்காகவே அறிவிப்பை முழுக்கப் படிக்க வேண்டும். ஆவேசத்தில் 80,000-க்குக் கேட்டுவிட்டு மறுநாள் பணம் கட்டாமல் விட்டால், மறு ஏலத்தில் 50,000-க்குப் போன பிறகு மீதி 30,000-ஐ உங்களிடம் கேட்பார்கள். டேவணி போனதோடு முடியாது. "காரணம் கூறாமல் ஏலத்தை ஒத்திவைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரம் உண்டு" என்பது அவர்கள் பக்கத்துக் கதவு. நமக்கு அப்படிக் கதவு கிடையாது.

ஏலம் தொடங்கியதும் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவுவார்கள். இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் கூவுகிறவர் மூச்சு வாங்குவார், சுற்றிப் பார்ப்பார், உங்கள் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். அந்த இடைவெளி வேண்டுமென்றே விடுவது. "மூணு தரம்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு "நான் இன்னும் ஆயிரம் போடறனுங்க" என்று எழுந்து நிற்பதில் பயனில்லை. போகும் முன்பே ஓர் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் தாண்டியதும் உட்கார்ந்துவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பங்காளிகளிடம் இந்தப் புத்தி பலிக்காது. இன்னார் கேட்டார் என்பதற்காகவே கேட்பார்கள்.

"சிண்டிகேட்" என்ற சொல்லும் புளியமரத்தடியில் புழங்கும். கேட்க வந்தவர்கள் தமக்குள் பேசி வைத்து ஒருவரை மட்டும் கேட்க விடுவது, மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது. இதை ஒழிக்கத்தான் மூடிய உறையில் விலை எழுதித் தரும் "ஒப்பந்தப்புள்ளி" முறையையும் சேர்த்து வைக்கிறார்கள். ஒழிந்ததா என்று கேட்காதீர்கள்.

கோயில் பண்டிகையில் நடக்கும் ஏலம் தனி. அங்கே விலைக் கணக்கே செல்லாது. 2024 மகா சிவராத்திரியை ஒட்டி எங்கள் சிவகிரிப் பக்கத்துப் பழந்தின்னிக் கருப்பண்ணர் கோயிலில் சாமிக்கு வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று 35,000 ரூபாய்க்கு ஏலம் போனது. பேப்பர்காரர்கள் எல்லாம் எழுதினார்கள். அதை எடுத்தவரிடம் போய் "கட்டுபடி ஆச்சுங்களா?" என்று கேட்கக் கூடாது. "சாமி பழம் உங்களுக்குக் கெடைச்சுருச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். பேச்சிலும் "எடுத்தார்" என்பதைவிடக் "கிடைத்தது" என்பதுதான் மரியாதை.

பெண்களுக்கு நெருக்கமான ஏலம் சீட்டு. இதில்தான் எல்லாம் தலைகீழ். மற்ற ஏலங்களில் அதிகம் தருகிறவர் எடுப்பார். ஏலச்சீட்டில் அதிகம் இழக்கத் தயாரானவர் எடுப்பார். அந்த இழப்புக்குத் "தள்ளு" என்று பெயர். இருபது பேர், மாதம் 5,000, ஆக ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். "இருபதாயிரம் தள்ளி எடுத்தேன்" என்று ஒருத்தி சொன்னால் அவள் கைக்கு வந்தது 80,000. அந்த 20,000-ல் சீட்டு நடத்துகிறவர் கமிஷன் 5,000 எடுத்துக்கொண்டால் மீதி 15,000-ஐ இருபது பங்காக்கி ஆளுக்கு 750 கழிப்பார்கள். அந்த 750-தான் "கசர்". அந்த மாதம் எல்லோரும் 4,250 கட்டினால் போதும். பதிவு பெற்ற சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2019-ல் சட்டத்தைத் திருத்தும் வரை அது 5 சதவீதமாக இருந்தது.

சேரும் முன் கேட்க வேண்டியது: "பதிவுச் சீட்டுங்களா?" இந்தக் கேள்விக்கு "நம்ம அக்காதானே கண்ணு நடத்தறாங்க" என்பது பதில் ஆகாது. பிறகு, யாரிடமாவது சீட்டு இருக்கிறதா என்று விசாரிக்கும்போது "எடுத்த சீட்டா, எடுக்காத சீட்டா" என்று கேளுங்கள். எடுக்காத சீட்டு கையிருப்பு மாதிரி. எடுத்த சீட்டு கடன். சம்பந்தம் பேசும் இடத்தில் "மூணு சீட்டு ஓடுது" என்று பெருமையாகச் சொல்வார்கள். மூன்றும் எடுத்ததாக இருந்தால் அது பெருமை இல்லை. முதல் சில மாதங்களில் தள்ளு அதிகமாக இருக்கும், வைகாசி, ஆனியில் பள்ளிக் கட்டணமும் கல்யாணமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அவசரம் இல்லாதவர்கள் கடைசி வரை பொறுத்திருந்து கசரைச் சேர்க்கலாம்.

நகைக்கடனுக்கு வருவோம். நகையை "வைக்கிறோம்", "திருப்புகிறோம்", காலம் முடிந்தும் அசல் இல்லையென்றால் வட்டியை மட்டும் கட்டி "மாத்தி வைக்கிறோம்". எதுவும் செய்யாவிட்டால் அது "மூழ்கிப்போகும்". மூழ்கும் முன் "ஏலத்துக்கு வருது" என்று கடிதம் வரும். அந்தக் கடிதம் வந்த நாளில் நகை இன்னும் உங்களுடையதுதான். ஏல நாளுக்கு முன்னால் போய்ப் பணம் கட்டினால் திருப்பலாம். பாதிப் பேர் கடிதத்தைக் கண்டதுமே "போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இன்னொன்று, ஏலம் போன பிறகு அசல், வட்டி, செலவு போக மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளில், ஏலத்தின் தொடக்க விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மிச்சத் தொகையை ஏழு வேலை நாளுக்குள் கடன் வாங்கியவரிடம் தர வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு முறை ஏலம் விட்டும் யாரும் எடுக்கவில்லை என்றால்தான் அந்தத் தொடக்க விலையை 85 வரை இறக்கலாம். "மிச்சம் எவ்வளவுங்க?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் வீடு தேடி வந்து தருவதில்லை.

வங்கி விடும் வீட்டு ஏலத்தை நம்மவர்கள் மலிவு என்று நினைக்கிறார்கள். அந்த விளம்பரத்தில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு தொடர் இருக்கும். வீட்டில் யாராவது குடியிருந்தால் அவர்களைக் கிளப்புவது, மின் கட்டண பாக்கி, பாகப் பிரச்சினை எல்லாம் எடுத்தவர் தலையில் என்பதுதான் அதற்கு அர்த்தம். "சுவாதீனம்", அதாவது கைவசம், என்ற சொல்லைத் தேடுங்கள். காகிதத்தில் மட்டும் சுவாதீனம் எடுத்திருக்கிறார்களா, சாவியே வங்கி கையில் இருக்கிறதா என்பதில்தான் விலை வித்தியாசம். கடன் கட்டாதவர் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நடக்கும் ஏலமாக இருந்தால், எடுத்த அன்றோ மறு வேலை நாளோ டேவணியையும் சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும்; மீதி 75 சதவீதத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள், வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் அதற்கு மேல். வங்கிக்கடன் வாங்கித்தான் மீதியைக் கட்டப்போகிறீர்கள் என்றால் கடன் உறுதியான பிறகு ஏலத்துக்குப் போங்கள். 15 நாளில் கடன் கிடைத்தவரை நான் பார்த்ததில்லை.

நிலம் வாங்கும்போது கொடுக்கும் "அச்சாரம்" ஒரு வாக்கு, சிறு தொகை. "முன்பணம்" என்பது விலையில் ஒரு பகுதி, எழுத்தோடு சேர்ந்தது. "கிரயம்" விற்பது. "ஒத்தி", "போக்கியம்" திரும்ப மீட்கும்படி ஒப்படைப்பது. இவற்றை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன். பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டிய சமாசாரம்.

மாட்டுச் சந்தையில் ஏலம் கிடையாது, கூவலும் கிடையாது. ஈரோடு கருங்கல்பாளையத்துக்கு வியாழக்கிழமை போய்ப் பாருங்கள். அத்தனை கூட்டத்தில் விலை மட்டும் சத்தமில்லாமல் நடக்கும். தரகர் உங்கள் கையைத் துண்டுக்கடியில் பிடிப்பார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. ஆயிரக் கணக்கா, பத்தாயிரக் கணக்கா என்பதை முன்னமே வாயால் சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது, அடுத்த பேரத்துக்கு அது இடைஞ்சல் என்பதால் இந்த ஏற்பாடு. விரல் பிடிபடவில்லை என்றால் வெட்கப்படாமல் தரகரைத் தனியே கூப்பிட்டு வாயால் கேளுங்கள். தலையை மட்டும் ஆட்டாதீர்கள்; தலையாட்டினால் அதுவும் சம்மதம்தான்.

அங்கே கேட்க வேண்டிய சொற்கள் பல்லும் ஈத்தும். "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்பது வயது. "தலையீத்து", "ரெண்டாம் ஈத்து" என்பது எத்தனையாவது கன்று என்பது. தலையீத்து என்று சொல்லி எட்டுப் பல்லும் விழுந்து முளைத்த மாட்டைக் காட்டினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். "சினைங்க" என்றால் எத்தனை மாதம், டாக்டர் பார்த்தாரா என்று கேளுங்கள். பணம் எண்ணிக் கொடுத்து, கயிறு கைமாறினால் வியாபாரம் முடிந்தது. அதுவரை யாரும் மனம் மாறலாம். தரகர் இரண்டு பக்கமும் தரகு வாங்குவார் என்பது தெரிந்ததுதான். உங்கள் பக்கத்துத் தரகு எவ்வளவு என்பதை மாட்டுக்குப் பக்கத்தில் போவதற்கு முன்பே, டீக்கடையில் வைத்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.